முகப்புப் படமும் பயனர் பெயரும்: மும்பைத் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் ஏதேனும் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து உறுப்பினர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தால், ஒரு ரோஜாப்பூ, இரண்டு பிள்ளையார், ஒரு நடிகர், பள்ளிச் சீருடையில் ஒரு குழந்தை, மரைன் டிரைவில் அஸ்தமிக்கும் சூரியன் என்று படங்கள் வரிசையாக வரும். நாம் எண்ணைச் சேமித்து வைக்காதவர்களின் பெயருக்கு முன்னால் ஓர் அலைக்கோடு நிற்கும். அதன் பின்னால் 'அம்மு' என்றோ 'கிங்' என்றோ ஒரு சொல் மட்டுமே இருக்கும். மாடித் தண்ணீர்த் தொட்டி வழிகிறது என்று செய்தி போட்ட அம்மு எந்த வீட்டில் இருக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்கச் செயலாளர் நான்கு பேரைக் கேட்க வேண்டியிருக்கும். படத்தையும் பெயரையும் நமக்குப் பிடித்தபடி தேர்ந்தெடுத்துவிட்டு, அவற்றை வைத்து நம்மை அடையாளம் காண வேண்டியவர் எதிரில் இருப்பவர் என்பதை மறந்துவிடுவதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

பெயர்

பெயரிலிருந்து தொடங்குவது நல்லது. வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்கு அதிகத் தொல்லை தருவது அதுதான். மராத்தியர்கள் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசையில் எழுதிப் பழகியவர்கள். நமக்கு இருப்பதோ ஒரு முதலெழுத்தும் ஒரு பெயரும். ரா. முருகன் என்பவர் 'கடைசிப் பெயர்' என்று கேட்கும் கட்டத்தில் ராமசாமி என்று தந்தையின் பெயரை நிரப்பியவுடன், அலுவலக மின்னஞ்சலிலும் வீடியோ கூட்டங்களிலும் அவர் 'மிஸ்டர் ராமசாமி' ஆகிவிடுகிறார். அந்தேரி அலுவலகத்தில் எல்லோரும் தன்னை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைத் திருத்தச் சங்கடப்பட்டுக்கொண்டே பல ஆண்டுகளை ஓட்டிவிடுபவர்கள் உண்டு. சட்டப்படியான பதிவுகளில் ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ உள்ளபடியே எழுதத்தான் வேண்டும். ஆனால் பிறர் கண்ணில் படும் பெயரைத் தனியாக அமைத்துக்கொள்ளப் பெரும்பாலான மின்னஞ்சல் சேவைகளும் கூட்டச் செயலிகளும் இடம் தருகின்றன. அந்த இடத்தில் 'முருகன் ஆர்' என்று தன் பெயரை முன்னால் வைத்து, கடிதத்தின் முடிவிலும் முருகன் என்றே கையெழுத்திட்டால், ஓரிரு வாரத்தில் அலுவலகம் சரியாகக் கூப்பிடப் பழகிவிடும்.

அந்தக் கட்டத்தை எப்படியாவது நிரப்பிவிட வேண்டும் என்று சிலர் ஒரு புள்ளி வைக்கிறார்கள்; சிலர் 'செல்வி செல்வி' என்று தன் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார்கள்; இன்னும் சிலர், வேறு எதுவும் தோன்றாமல், சாதிப் பெயரை எழுதிவிடுகிறார்கள். முதல் இரண்டும் பார்ப்பவருக்குக் குழப்பம் தருவதோடு நின்றுவிடும். மூன்றாவதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. அதற்குப் பின் வந்த தலைமுறைகள் பெயருக்குப் பின்னால் வால் இல்லாமல் வாழ்ந்து காட்டியிருக்கின்றன. ஓர் இணையப் படிவம் கட்டாயப்படுத்துகிறது என்பதற்காக அதைத் திரும்பக் கொண்டுவந்து நம் பிள்ளைகளின் பெயரோடு ஒட்டவைக்க வேண்டியதில்லை. தந்தை பெயரோ, தாய் பெயரோ, ஊர்ப் பெயரோ அந்த இடத்தை நிரப்பப் போதும்.

எழுத்துக்கூட்டலும் கவனிக்க வேண்டியதே. லதா என்ற பெயரை நாம் ஆங்கிலத்தில் 'டி'யோடு 'எச்' சேர்த்து எழுதுவோம்; மும்பையில் படிவம் நிரப்பித் தருபவர் 'எச்' இல்லாமல் எழுதிவிடுவார். தமிழ்ச்செல்வியில் வரும் ழகரத்தை ஒருவர் 'எல்' என்றும் இன்னொருவர் 'இசட் எச்' என்றும் எழுதுவார். லிங்க்ட்இனில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, வங்கிக் கணக்கில் வேறொன்று என்று இருந்தால், வேலைக்கு ஆள் எடுப்பவர் தேடும்போது பாதி விவரம் கிடைக்காமல் போகும். ஆதாரில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வது மேல்.

பெயரைத் தமிழ் எழுத்தில் மட்டும் வைப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. குடும்பக் குழுவிலும் தமிழ்ச் சங்கக் குழுவிலும் அது அழகாகவே இருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரே பெயர்தான் எல்லாக் குழுக்களிலும் தெரியும் என்பதால், உள்ளூர் ரயிலில் கூட வரும் மராத்தி நண்பருக்கும் பிள்ளையின் பள்ளி ஆசிரியைக்கும் அது வாசிக்க முடியாத கோடுகளாக நின்றுவிடும். தமிழை விட்டுவிட வேண்டாம், இரண்டையும் சேர்த்து எழுதலாம். எக்ஸ் தளத்தில் பெயருக்கு 50 எழுத்துகள் வரை இடம் இருப்பதால் இது எளிது. வாட்ஸ்அப்பில் 25தான் என்பதால் சுருக்கமாக எழுத வேண்டியிருக்கும்.

வளைவும் பூவுமாகத் தெரியும் அலங்கார ஆங்கில எழுத்துகளில் பெயர் வைப்பது இளைஞர்களிடம் அதிகம். அவை தனி எழுத்துரு அல்ல. கணிதச் சமன்பாடுகளில் பயன்படுத்துவதற்காக, கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் சேர்க்கப்பட்ட குறியீடுகளே அப்படிப் பயன்படுகின்றன. கண் பார்வை இல்லாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் பல சமயம் அவற்றை ஒரு பெயராகப் படிக்காமல் குறிகளை ஒவ்வொன்றாக ஒப்பிக்கும் அல்லது தாண்டிப் போய்விடும். சாதாரண எழுத்தில் தேடுபவருக்கும் அந்தப் பெயர் அகப்படாமல் போகலாம்.

காட்டும் பெயரை நினைத்தபோது மாற்றலாம். மின்னஞ்சல் முகவரியும் பயனர் பெயரும் அப்படி அல்ல, அவை பல ஆண்டுகள் கூடவே வரும். கல்லூரியில் விளையாட்டாக வைத்த 'ரவுடி', 'க்யூட்' முகவரியிலிருந்தே இன்றும் வேலைக்கு விண்ணப்பம் அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். பிறந்த ஆண்டையோ முழுப் பிறந்த தேதியையோ பெயரின் பின்னால் ஒட்டுவது அதைவிடப் பெரிய தவறு. வயதை ஊருக்கெல்லாம் அறிவிப்பது போதாதென்று, ரகசிய எண்ணை ஊகிக்க முயல்பவனுக்கு முதல் துப்பையும் அது கொடுத்துவிடுகிறது. வேண்டிய பெயர் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் தொழிலையோ ஊரையோ சேர்த்துக்கொள்ளலாம். அலுவல் சார்ந்த கணக்குகளில் ஒரே பயனர் பெயரை வைப்பதும், அரசியல் விவாதத்துக்கும் சொந்த விஷயங்களுக்கும் வேறு பெயர் வைப்பதும் நல்லது. இன்ஸ்டாகிராமிலும் எக்ஸிலும் பயனர் பெயரை மாற்றினால், விட்டுவந்த பழைய பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது என்பதையும், அழைப்பிதழிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சிட்ட முகவரி அப்போது அவரிடம் போய்ச் சேரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

படம்

படத்தைத் தானே தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தமக்காகத் தேர்ந்தெடுத்த படங்களைவிட, அவர்களை அறியாதவர்கள் அவர்களுக்காகத் தேர்ந்தெடுத்த படங்களே பார்ப்பவர்களிடம் நல்ல எண்ணத்தை அதிகம் உண்டாக்கின. நம் முகத்தை நாம் கண்ணாடியில் இடவலம் மாறியே பார்த்துப் பழகியிருக்கிறோம். கண்ணாடியில் தெரிவது போன்ற படத்தையே நாம் விரும்புகிறோம் என்றும், நண்பர்கள் நேர்ப்படத்தையே விரும்புகிறார்கள் என்றும் 1977இலேயே ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே ஐந்தாறு படங்களை எடுத்து, வீட்டார் அல்லாத இரண்டு பேரிடம் அனுப்பி, எதை வைக்கலாம் என்று கேட்பது பயன் தரும். வீட்டாரைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், அம்மாவுக்கு எல்லாப் படமும் நன்றாகவே இருக்கும் என்பதுதான். ஒரு முகத்தைப் பார்த்து இவர் நம்பத் தகுந்தவரா என்று முடிவு கட்ட நமக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே போதுமானதாக இருக்கிறது என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2006இல் கண்டார்கள். அந்த முடிவு சரியானதா என்பது வேறு கேள்வி. எதிரில் இருப்பவர் அவ்வளவு விரைவில் முடிவு கட்டிவிடுகிறார் என்பதை நாம் கணக்கில் எடுத்துக்கொண்டாக வேண்டும்.

கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிவது கேமராவின் குறை அல்ல, தூரத்தின் விளைவு. ஓரடி தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். யாரையாவது நான்கைந்தடி தள்ளி நிற்கச் சொல்லி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலை வெளிச்சத்தில் எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை. மும்பையின் சிறு வீடுகளில் அவ்வளவு இடம் இருக்காது என்பவர்கள் கட்டடத்தின் நடைவழியில் நின்றுகொள்ளலாம். திருமண வரவேற்பில் எடுத்த குழுப் படத்தை வெட்டி, பக்கத்தில் நின்றவரின் தோள்பட்டையும் பாதிக் கையும் தெரிய வைப்பது, பல ஆண்டுகளுக்கு முந்தைய படத்தை விடாமல் வைத்திருப்பது, பட்டன் அளவு வட்டத்துக்குள் முழு உருவத்தையும் அடைப்பது ஆகியவை எளிதில் திருத்தக்கூடிய தவறுகள். படத்தின் சட்டகத்தில் குறைந்தது 60 சதவீதமாவது முகம் இருக்கட்டும் என்பது லிங்க்ட்இன் தரும் யோசனை.

சாமி படம், நடிகர் படம், தலைவர் படம், கட்சிக் கொடி வைப்பது தவறா என்றால், எல்லா இடத்திலும் தவறல்ல. 2022 ஆகஸ்டில் பிரதமர் கேட்டுக்கொண்டபோது நாடெங்கும் பலர் தேசியக் கொடியை முகப்புப் படமாக வைத்தார்கள். ஒரு குழுவாக நிற்பதைக் காட்டப் படம் உதவும். ஆனால் முகமே பார்த்திராத ஒருவர் நம்மை வேலைக்கோ வாடகைக்கோ தேடும் இடத்தில், முருகக் கடவுளின் படம் யாரையும் அடையாளம் காட்டாது. வீட்டில் ஒருவர் இறந்தபின் அவர் படத்தை மாலையோடு வைப்பது நம்மிடையே ஆழமாக வேரூன்றிய வழக்கம். அந்தத் துயரத்தை மதிக்கிறேன். ஒன்றைமட்டும் கவனித்தால் போதும். அலுவலகத்தில் இருக்கும் வெளிமாநிலத்தவர்கள் மாலையிட்ட படத்தைப் பார்த்து, அந்த எண்ணுக்கு உரியவரே போய்விட்டார் என்று பதறக்கூடும். ஆகவே படத்தின் அடியில் பெயரும் உறவும் எழுதுவதும், காரியம் முடிந்தபின் பழைய படத்துக்குத் திரும்புவதும் நல்லது.

வீட்டிலிருந்து வியாபாரம் செய்பவர்கள்

தாராவியில் முறுக்கும் அதிரசமும் சுட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் பெண்கள் பலர். அவர்களில் ஒருவரின் கணக்கில் மாரியம்மன் படமும் 'லக்ஷ்மி' என்ற பெயரும் மட்டுமே இருந்தன. முலுண்டிலோ நெருளிலோ இருக்கும் வாடிக்கையாளரின் போனில் மூன்று லக்ஷ்மிகள் இருக்கும்போது, தீபாவளிக்கு முன்வாரம் முறுக்கு லக்ஷ்மியைத் தேடிப் பிடிப்பது எளிதாக இல்லை. பிறகு அவர், எவர்சில்வர் தட்டில் அடுக்கிய முறுக்கைக் கையில் பிடித்தபடி தன் முகமும் தெரிய ஒரு படம் எடுத்து, பெயரை 'லக்ஷ்மி முறுக்கு, தாராவி' என்று மாற்றினார். யார், என்ன, எங்கே என்ற மூன்றும் அந்த ஒரே வரியில் வந்துவிட்டன.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. யூபிஐ வழியாகப் பணம் அனுப்புவதற்கு முன், பெறுபவரின் வங்கிக் கணக்கில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025இல் விதித்தது. கணக்கு கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருந்தால், லக்ஷ்மிக்கு அனுப்புவதாக நினைத்தவர் திரையில் வேறு பெயரைக் கண்டு தயங்குவார், தயங்குவதுதான் சரியும்கூட. கியூஆர் படத்தை அனுப்பும்போதே 'பணம் இன்னார் பெயரில் காட்டும்' என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். முடிந்தால் தன் பெயரிலேயே கணக்கு தொடங்கிவிட வேண்டும்.

பாதுகாப்பு

குழந்தையின் படத்தைப் பள்ளிச் சீருடையோடும் அடையாள அட்டையோடும் வைப்பதைப் பெற்றோர் உடனே நிறுத்த வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அந்த ஒரு படத்திலிருந்தே பள்ளியின் பெயரும் வகுப்பும் தெரிந்துவிடும். பின்னணியில் வீட்டு எண், வண்டியின் நம்பர் பிளேட், அலுவலக அட்டை ஆகியவை தெரிகின்றனவா என்றும் பார்த்துவிட வேண்டும். வியாபாரம் செய்யாதவர்கள் வாட்ஸ்அப்பின் தனியுரிமை அமைப்பில் முகப்புப் படத்தை 'எல்லோரும்' என்பதிலிருந்து 'என் தொடர்புகள்' என்று மாற்றிக்கொள்ளலாம். முகப்புப் படத்தைப் பிறர் பதிவிறக்க முடியாதபடி தடுக்கும் வசதியை ஃபேஸ்புக் 2017இல் இந்தியாவில்தான் முதலில் தந்தது. இங்கே பெண்கள் தம் படம் திருடப்படும் என்று அஞ்சியதே அதற்குக் காரணம்.

நம் படத்தையும் பெயரையும் எடுத்து, 'இது என் புது நம்பர், அவசரமாகப் பணம் வேண்டும்' என்று நம் உறவினருக்கே எழுதும் மோசடி இன்று மிகச் சாதாரணமாகிவிட்டது. ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவைக்க வேண்டும்: படம் நம்முடையது என்பதால் எண்ணும் நம்முடையது ஆகிவிடாது, பழைய எண்ணுக்குப் பேசிக் குரலைக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது. போலீஸ் சீருடையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு, போனிலேயே கைது செய்துவிட்டதாக 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுபவர்களுக்கும் இதே விதிதான். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது.

ஆள்மாறாட்டம் நடந்துவிட்டால், முதலில் அந்தப் போலிக் கணக்கை எண்ணும் பெயரும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துவைத்துக்கொண்டு, பிறகே செயலியில் புகார் செய்ய வேண்டும். கணக்கு நீங்கிவிட்டால் சான்றும் போய்விடும். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், ஆள்மாறாட்டம் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் தந்தால் குறுகிய நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்கும் பொறுப்பைச் சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கொடுத்தன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. யாராவது பணத்தை அனுப்பியே விட்டிருந்தால், நேரத்தைக் கடத்தாமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும்; பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் தகவல் போனால்தான் வங்கியால் அதை நிறுத்திவைக்க முடியும்.