டவருக்கு வானிலை சொல்வது எப்படி?

விமான நிலைய வானிலைப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். டவரில், அதாவது விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில், இருப்பவருக்கு வானத்தை வர்ணிக்காதீர்கள், அது அவருக்குக் கண்ணாடி வழியாகவே தெரியும். எத்தனை மணிக்கு மாறும், எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைச் சொல்லுங்கள்.

மீனம்பாக்கத்தில் ஒரு மே மாதப் பகலை எடுத்துக்கொள்வோம். காலையிலிருந்து மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, வீசும், விமானங்கள் மேற்கு பார்த்து 25ஆம் ஓடுபாதையில் இறங்கிக்கொண்டிருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் அவற்றுக்கு அதுவே பின்காற்று. பின்காற்று 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வேகத்தைத் தாண்டினால் பல விமானங்களால் இறங்க முடியாது. வரிசையில் வந்துகொண்டிருப்பவற்றை எல்லாம் சுற்றவிட்டு, அதே ஓடுபாதையின் எதிர்முனையான 07க்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலைக்கு நேரம் பிடிக்கும். காற்று திரும்பிய பிறகு நாம் சொல்லி என்ன பயன்? அரை மணி முன்னதாகச் சொன்னால் பேருதவி.

அதற்குக் கிழக்கே பாருங்கள். நுங்கம்பாக்கம் நம்மைவிடக் கடலுக்குப் பக்கம். அங்கே காற்று தென்கிழக்காகத் திரும்பி, வெப்பம் சட்டென்று இறங்கி, காற்றின் ஈரத்தைக் காட்டும் பனிப்புள்ளி ஏறினால் அடுத்த முறை நமக்குத்தான். சில நாட்களில் டாப்ளர் ரேடாரிலும் கடற்கரைக்கு இணையாக ஒரு மெல்லிய கோடு உள்ளே நகர்வது தெரியும். உடனே போனை எடுங்கள்:

“சார், இப்போது காற்று 270, 8 நாட். 0830க்குள் 110, 15 நாட் ஆகும். மாலை வரை அப்படியே இருக்கும்.”

270, 110 என்பவை காற்று எங்கிருந்து வருகிறது என்பதன் பாகைகள்: முன்னது மேற்கு, பின்னது ஏறக்குறையக் கிழக்கு. 0830 என்பது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், நம் கடிகாரத்தில் மதியம் 2 மணி. டவரோடு பேசும்போது எப்போதும் யுடிசிதான். இன்னொன்று, மெட்டாரில், அதாவது நாம் வழக்கமாக வெளியிடும் விமான நிலைய வானிலை அறிக்கையில், போகும் காற்று 10 நிமிடச் சராசரி. இறங்கும் விமானிக்கு டவர் சொல்வது 2 நிமிடச் சராசரி. இரண்டும் வேறாக இருந்தால் பதற வேண்டாம்.

கியூஎன்எச், அதாவது விமானி உயரமானியைச் சரிசெய்துகொள்ளும் காற்றழுத்த அளவு, சொல்லும்போது மட்டும் அவசரமே கூடாது. ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் விமானியின் உயரமானி ஏறக்குறைய 27 அடி தப்பாகக் காட்டும். ஒவ்வோர் எண்ணாகச் சொல்லி, டவரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள்.

போகி விடியலில் புகையும் பனியும் கலந்து நின்றால், பார்வைத்தூரம் 1500 மீட்டருக்குக் கீழே வந்ததுமே ஓடுபாதைப் பார்வைத்தூரத்தையும் (ஓடுபாதையில் விமானிக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்பதை) கொடுக்க ஆரம்பியுங்கள்.

சரி, 0830 ஆகியும் கடற்காற்று வரவில்லை என்றால்? அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள். “சார், இன்னும் வரவில்லை, மேல்காற்று பலமாகத் தள்ளுகிறது, 0930க்குப் பார்க்கலாம்” என்று நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.