'எவரெஸ்ட்' படத்தைக் கடிகாரத்தோடு பார்ப்பது எப்படி?

1996 மே 10, 11 தேதிகளில் எவரெஸ்டில் வீசிய பனிப்புயலின்போது எட்டுப் பேர் உயிரிழந்த நிகழ்வை வைத்து பால்தசார் கோர்மாகூர் இயக்கிய 'எவரெஸ்ட்' 2015-இல் வெளிவந்தது. முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் புயல் எப்போது வரும் என்றே காத்திருப்பார்கள். ஆனால் புயலுக்குப் பல மணி நேரம் முன்பே விபத்துக்கான காரணங்கள் சேரத் தொடங்கிவிடுவதால், அந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் வரைபடத்தில் மூன்று இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஏறத்தாழ 7,900 மீட்டர் உயரத்தில் கடைசி முகாம் இருந்த சவுத் கோல், சிகரத்துக்குச் சற்றுக் கீழே உள்ள சவுத் சம்மிட், இதற்கும் சிகரத்துக்கும் இடையே அன்று செங்குத்தாக நின்ற பாறைப் பகுதியான ஹிலாரி ஸ்டெப். முகமூடியும் பனிக்கண்ணாடியும் அணிந்த பிறகு யார் எவரென்று புரியாது; ஆகவே அடிவார முகாம் காட்சிகளிலேயே ஒவ்வொருவரின் உடை நிறத்தையும் கவனித்து வைத்துக்கொள்வது நல்லது.

சிகர நாள் தொடங்கியதும் நேரத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். சிகரத்தைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் பிற்பகல் 2 மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்றக் குழுவினரிடையே பேசப்பட்டிருந்த வரம்பு. ஹிலாரி ஸ்டெப்பில் முன்கூட்டியே கயிறு கட்டப்படாததால் ஏறுவோர் வரிசையில் நிற்க நேர்ந்தது. நின்ற நேரத்திலும் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டுதான் இருந்தது. வழிகாட்டியோடு ஏற வந்தவர்களில் ஒருவரான டக் ஹான்சன் சிகரத்தை அடைந்தபோது மாலை 4 மணியைத் தாண்டிவிட்டது. முந்தைய ஆண்டு சிகரத்தின் அருகிலிருந்து அவரைத் திருப்பி அழைத்து வந்த வழிகாட்டி ராப் ஹாலே இம்முறை அவருக்காகக் காத்திருந்தார் என்பதை அறிந்து பார்த்தால், அந்தக் காட்சியில் ஹாலை எளிதில் குறைகூற முடியாது. படத்தை இங்கே நிறுத்தி, நீங்களாக இருந்தால் எத்தனை மணிக்குத் திரும்பியிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

படம் சொல்லாமல் விட்டதையும் தேடிப் படிக்க வேண்டும். கதை நேபாளப் பக்கத்து ஏற்றத்தையே பின்தொடர்கிறது. அதே புயலில் திபெத் பக்கத்தில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையைச் சேர்ந்த செவாங் சமன்லா, செவாங் பல்ஜோர், டோர்ஜே மோருப் ஆகிய மூவரும் மாண்டனர். இந்திய வாசகர்களுக்கே இவர்களின் பெயர்கள் அவ்வளவாகத் தெரியாதது எனக்கு வருத்தமே.

அடுத்து, ஹாலின் குழுவில் பத்திரிகையாளராகச் சென்ற ஜான் கிராக்கவரின் நூலையும், அதே நாளில் ஏறிய மற்றொரு குழுவான ஸ்காட் ஃபிஷர் குழுவின் வழிகாட்டி அனடோலி புக்ரீவ் இணைந்து எழுதிய நூலையும் அடுத்தடுத்துப் படியுங்கள். கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் ஏறிய புக்ரீவ், தம் குழுவினருக்கு முன்பாகவே இறங்கியது சரிதானா என்பதில் இரண்டும் மோதுகின்றன. அன்றிரவு புயலுக்குள் தனியாகச் சென்று மூவரை அவர் மீட்டதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். இவற்றைப் படித்த பிறகு படத்தை மறுபடி பார்க்கும்போது, புக்ரீவ் வரும் காட்சிகளில் மட்டுமாவது வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.