பைக்கின் பின்சக்கர பேரிங்: தேய்மானத்தை அறிவதும் வீட்டிலேயே மாற்றுவதும்

சோழவந்தான், வாடிப்பட்டி பக்கத்து ஊர்களில் ஒரே பைக் வயலுக்கும் போகிறது, மதுரைக்கும் போகிறது. 45 கிலோ யூரியா மூட்டையையும் பால் கேன்களையும் ஏற்றிக்கொண்டு பெரியாறு வாய்க்கால் கரையில் செல்லும் அதே வண்டி, வைகையில் நீர் வரும் நாட்களில் யானைக்கல் தரைப்பாலம் போன்ற இடங்களில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டும் செல்கிறது. இந்தச் சுமையும் சேறும் நீரும் ஒன்றாகச் சேர்ந்து முதலில் தாக்குவது பின்சக்கரத்தின் பேரிங்குகளைத்தான். அச்சின் மேல் சக்கரம் தடையின்றிச் சுழல, உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே எஃகுக் குண்டுகள் ஓடும் பாகம் இது. சங்கிலி பூட்டிய 100 முதல் 125 சிசி வரையிலான, டிரம் பிரேக் உள்ள பைக்குகளை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். டிஸ்க் பிரேக் வண்டிகளில் பிரேக் பகுதியைக் கழற்றும் முறை வேறுபடும். பேரிங் வேலை பெரும்பாலும் ஒன்றேதான்.

பேரிங் தேய்ந்ததற்கான முதல் அடையாளம் ஓசை. வண்டி 40 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது பின்புறத்திலிருந்து ஒரு கரகரப்பான உறுமல் கிளம்பி, வேகத்தோடு சேர்ந்து ஏறும். அது இன்ஜினிலிருந்து வருகிறதா, சக்கரத்திலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய, ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டுப் பாருங்கள். இன்ஜின் வேகம் விழுந்தவுடன் ஓசையும் விழுந்தால் குறை இன்ஜின் பக்கம். வண்டி உருளும் வேகத்துக்கு ஏற்ப ஓசை தொடர்ந்தால் சக்கரம், சங்கிலி, டயர் ஆகியவற்றில் ஒன்று. தார்ச்சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்கு மாறியதும் ஓசையின் தன்மை மாறினால் டயர் என்றும், உலர்ந்த சங்கிலிக்கு எண்ணெய் விட்டதும் ஓசை அடங்கினால் சங்கிலி என்றும் கொள்ளலாம்.

அடுத்தது கையால் பார்க்கும் சோதனை. வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் சக்கரத்தைச் சுழலவைத்துக் கேட்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. ஓடும் சங்கிலிக்கும் அதைத் தாங்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே விரல் போனால் விரல் திரும்பி வராது. இந்தச் சோதனைக்கு இன்ஜினே தேவையில்லை. முதலில் ஆக்சிலின், அதாவது சக்கரத்தின் நடுவே செல்லும் அச்சின், நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு கையால், பின்சக்கரத்தைத் தாங்கும் கவைபோன்ற சட்டமான ஸ்விங் ஆர்மின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் டயரின் பின்விளிம்பைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுங்கள். ஸ்விங் ஆர்ம் அசையாமல் சக்கரம் மட்டும் ‘டக் டக்’ என்று ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். சக்கரமும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால், தேய்ந்தது, ஸ்விங் ஆர்ம் வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்தில் உள்ள புஷ் என்ற குழாய் வளையம். அதற்குப் பேரிங்கை மாற்றிப் பயன் இல்லை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் பேரிங் வாங்கிப் போட்டுவிட்டு, ஆட்டம் போகவில்லையே என்று வருந்துபவர்கள் உண்டு.

ஆட்டம் தெரியாத, ஆனால் ஓசை வரத் தொடங்கிய பேரிங்கைக் கண்டுபிடிப்பது சற்று நுட்பமானது. பிரேக் ராடின் நட்டைத் தளர்த்தி, பிரேக் கட்டை உரசும் ஓசையை நீக்கிவிடுங்கள். சங்கிலியின் லிங்கைக் கழற்றி ஸ்ப்ராக்கெட்டிலிருந்து இறக்கிவிடுங்கள். இப்போது ஒரு நீண்ட திருப்புளியின் முனையை ஆக்சிலின் நுனியில் ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல பேரிங் மென்மையான ஒரே சீரான இரைச்சலைத் தரும். கெட்ட பேரிங் மணலை மெல்வதுபோல் ஒலிக்கும். ஸ்விங் ஆர்மின் மேல் வைத்த விரல்நுனியிலும் அந்தக் கரகரப்பு ஏறும்.

உறுதியானபின் உதிரிபாகம் வாங்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றாமல் கடைக்குப் போனால் வண்டியின் பெயரையும் ஆண்டையும் சொல்லி வாங்கலாம். ஆனால் பழைய பேரிங்கின் முகத்தில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்குவதே நம்பகமானது. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. கடைசி இரண்டு இலக்கங்கள் உள்துளையின் அளவைக் குறிக்கும்: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் அந்த எண்ணை 5-ஆல் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 6301 என்பது 12 மி.மீ. துளையும் 37 மி.மீ. வெளிவிட்டமும் 12 மி.மீ. தடிமனும் கொண்டது, 6202 என்பது 15 மி.மீ. துளையும் 35 மி.மீ. வெளிவிட்டமும் 11 மி.மீ. தடிமனும் கொண்டது. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி, இசட்-இசட் என்று இருந்தால் இரு பக்கமும் தகட்டு மூடி. நம் வயற்காட்டுப் பாதைகளுக்கு ரப்பர் மூடியே ஏற்றது என்பது என் கருத்து. தகட்டு மூடி தூசியைத் தடுத்தாலும் தண்ணீரை அவ்வளவாகத் தடுக்காது. பெயர் பெற்ற நிறுவனங்களின் போலிப் பெட்டிகள் சந்தையில் உலவுவதால், விலை மிகக் குறைவாகச் சொல்லப்பட்டால் ஐயுறுங்கள்.

பேரிங்கை ஒன்று மட்டும் வாங்காதீர்கள். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் இரண்டு இருக்கும். பல வண்டிகளில் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் தனி டிரம்மில் (இது பிரேக் டிரம் அன்று) மூன்றாவது ஒன்று இருக்கும். சங்கிலியின் இழுப்பு முழுவதும் இந்த மூன்றாவதன் மேல் விழுவதால், பெரும்பாலும் முதலில் தேய்வது அதுதான். பட்டறைகளில் அதிகம் மறக்கப்படுவதும் அதுதான். எல்லாவற்றையும், நீரும் தூசியும் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்களோடு ஒருசேர மாற்றிவிடுவது மறுபடி சக்கரத்தைக் கழற்றும் வேலையை மிச்சப்படுத்தும்.

கழற்றும் வேலையைத் தொடங்குமுன் ஒரு செய்தித்தாளை விரித்துக்கொண்டு, கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே, இடப்பக்கம் வலப்பக்கம் மாறாமல் அதில் அடுக்குங்கள். சங்கிலியின் தொய்வைச் சரிசெய்யும் செயின் அட்ஜஸ்டரில் உள்ள கோடுகளில் சக்கரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரேக் ராடின் நட்டு, பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் டை ராடின் நட்டு, ஆக்சில் நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின், பிறகு ஆக்சில் நட்டு என்ற வரிசையில் கழற்றலாம். ஆக்சில் இறுகி வர மறுத்தால், அதன் மரையை இரும்புச் சுத்தியலால் அடிக்காதீர்கள். நட்டை மரையின் நுனிக்குச் சமமாக ஏற்றி வைத்து, மரச் சுத்தியலால் தட்டுங்கள். வெளியே வந்த ஆக்சிலை ஒரு சமமான கிரானைட் கல்லின் மேல் உருட்டிப் பார்த்து, வளைந்திருந்தால் மாற்றுங்கள். சில வண்டிகளில் சக்கரம் மட்டும் தனியே வந்து, சங்கிலியும் ஸ்ப்ராக்கெட்டும் ஸ்விங் ஆர்மிலேயே நிற்கும். அந்த அமைப்பில் மூன்றாவது பேரிங்கை எடுக்க, அதைப் பிடித்திருக்கும் பெரிய நட்டையும் தனியே கழற்ற வேண்டும். பிரேக் டிரம்மில் படிந்த தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு.

சக்கரம் கையில் வந்ததும், ஒவ்வொரு பேரிங்கின் உள்வளையத்திலும் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது தடுக்கி நின்றாலும், மேலும் கீழுமாக ஆடினாலும் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. ஆயில் சீலையும், இருந்தால் லாக் வளையத்தையும் எடுத்தபின், சக்கரத்தை இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஹப் தாங்கும்படி படுக்க வையுங்கள்.

இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஒரு குழாய் இருக்கும். கடைகளில் இதை ஸ்பேசர் என்றும் டிஸ்டன்ஸ் பீஸ் என்றும் சொல்வார்கள். ஆக்சில் நட்டை இறுக்கும்போது அந்த இறுக்கம் இரு உள்வளையங்களையும் ஒன்றை நோக்கி ஒன்றை நெருக்காமல், இந்தக் குழாய்தான் இடையே நின்று தாங்குகிறது. இதன் அருமையை நான் நட்டப்பட்டுத்தான் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் என் வண்டிக்குப் பேரிங் மாற்றியபோது இந்தக் குழாயைப் போடாமலேயே மூடிவிட்டார்கள். மூன்று மாதத்தில் புதிய பேரிங்குகள் இரண்டும் பொடியாகி, ஹப்பும் தேய்ந்தது. பிறகு பழைய பட்டறைக்காரரான என் மாமாதான் சக்கரத்தைப் பிரித்துக் காட்டிச் சொன்னார்: “பேரிங்கு தானா சாகாது மாப்ள, நாமதான் கொல்லுறோம்.”

பேரிங்கை எடுக்க, மேல் பக்கத்துத் துளை வழியாக முனை மழுங்கிய நீண்ட கம்பியை விட்டு, நடுக்குழாயைச் சற்று ஒதுக்குங்கள். அப்போது கீழ்ப்பக்கப் பேரிங்கின் உள்வளைய விளிம்பு கம்பிக்கு எட்டும். அந்த விளிம்பில் ஒரு தட்டு, அதன் எதிர்ப்புறம் ஒரு தட்டு, மறுபடி பக்கவாட்டில் ஒரு தட்டு என்று சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குங்கள். ஒரே இடத்தில் அடித்தால் பேரிங் சாய்ந்து, ஹப்பின் உட்சுவரைக் கீறிவிடும். அசைய மறுத்தால் ஹப்பின் மேல் கொதிநீரை ஊற்றுங்கள். அலுமினியம் சூட்டில் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால் பிடி தளரும். தீயை நேரடியாகக் காட்டுவது வேண்டாம். இப்படி உள்வளையத்தில் அடி வாங்கி வெளியேறிய பேரிங், பார்க்க நன்றாக இருந்தாலும் மறுபடி போடத் தகுதியற்றது. உள்வளையத்தில் விழும் ஒவ்வொரு அடியும் குண்டுகளின் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகிறது. குண்டுகள் ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழுந்துவிடும்.

காலியான ஹப்பை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். பிரேக் டிரம்மின் உட்பக்கத்தில் மண்ணெண்ணெய் படக்கூடாது. பிறகு புதிய பேரிங்கை அதன் வாயில் வைத்துப் பாருங்கள். அடிக்காமலே கையால் தள்ளி உள்ளே போனால் ஹப் தேய்ந்திருக்கிறது. சுவரில் பஞ்ச் அடித்துப் புள்ளி போட்டு இறுக்கும் வழக்கம் சில நாளுக்குத்தான் தாங்கும். லேத் பட்டறையில் கொடுத்து புஷ் போட்டுக்கொள்வதே சரியான தீர்வு.

புதிய பேரிங்கை முந்தைய இரவே பாலிதீன் பையில் சுற்றி பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்திருந்தால் அது சற்றுச் சுருங்கி எளிதாக இறங்கும். இறக்கும்போது விசை வெளிவளையத்தின் மேல் மட்டுமே விழ வேண்டும். வெளிவிட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் சிறிய சாக்கெட்டை வைத்துத் தட்டலாம். அதைவிட நான் விரும்புவது, 10 மி.மீ. மரைக்கம்பியை ஹப்பின் வழியே செலுத்தி, இரு பக்கமும் தடித்த வாஷரும் நட்டும் போட்டு, ஸ்பேனரால் மெல்லத் திருகி இழுப்பது. இதில் அடியே இல்லை, பேரிங் சாய்வதும் உடனே தெரிந்துவிடும். பேரிங்கைத் தொடும் வாஷர், வெளிவளையத்தின் மேல் உட்காரும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். தட்டி இறக்குகிறவர்களுக்கு ஓசையே வழிகாட்டி: அடித்தளத்தில் போய் அமர்ந்ததும் ஓசை திடீரென்று கெட்டிப்படும். அதற்கு மேல் ஒரு அடியும் வேண்டாம்.

ஒரு பக்கம் முழுமையாக அமர்ந்தபின் சக்கரத்தைத் திருப்பி நடுக்குழாயைப் போடுங்கள். இரண்டாவது பேரிங்கை, அதன் உள்வளையம் குழாயைத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள். சரியாக அமைந்தால் குழாய் கடகடவென்று ஆடாது. ஆனால் விரலால் அழுத்தித் தள்ளினால் பக்கவாட்டில் சற்று நகரும். சிறிதும் நகராமல் பிடித்திருந்தால் அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள். அந்நிலையில் இரு பேரிங்குகளும் பக்கவாட்டு நெருக்கத்தில் சுழன்று விரைவில் சூடேறிக் கெடும்.

இரு பக்கமும் மூடிய பேரிங்கில் கிரீஸ் உள்ளேயே இருக்கும். மூடியை நெம்பித் திறக்காதீர்கள். ஆயில் சீலின் உதட்டிலும் ஆக்சிலின் உடலிலும் மட்டும் ஏ.பி.3 கிரீஸை மெல்லிதாகத் தடவினால் போதும்.

பூட்டும்போது கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுங்கள். இதில் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாதது டை ராடு. அதன் நட்டும் ஸ்பிளிட் பின்னும் இல்லாமல் ஓட்டிப் பிரேக் பிடித்தால், பிரேக் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிதாக இருக்கட்டும். சங்கிலியின் தொய்வு பல சிறிய பைக்குகளில் நடுவில் 20 முதல் 30 மி.மீ.; உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். இரு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஆக்சில் நட்டைக் கையேட்டில் குறித்த அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள், அதை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் வண்டியை மெதுவாக ஓட்டிச் சென்று அந்த ஒரு நட்டை மட்டும் இறுக்கி வாங்கிக்கொள்ளலாம்.

முதல் ஓட்டம் ஐந்து கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் தொடாமல். நின்றதும் ஹப்பை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு; கையை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் நெருக்கமாக அமர்ந்திருக்கிறது அல்லது பிரேக் கட்டை உரசுகிறது. 100 கி.மீ. ஓடியபின் ஆக்சில் நட்டையும் சங்கிலித் தொய்வையும் இன்னொரு முறை பாருங்கள். வாட்டர் சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, பீய்ச்சும் குழாயை ஹப்பின் நடுவே நேராகக் காட்ட வேண்டாம் என்று அங்கிருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சீலின் உதட்டைத் தாண்டி நீர் உள்ளே ஏறுவது பெரும்பாலும் அங்கேதான்.