முதல் பெரிய ஏர் பிஸ்டல் போட்டிக்குப் போகிறீர்களா?

நாகர்கோவிலில் சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் சென்னை என்பதெல்லாம் சரி, ஆனால் இறங்கிய கையோடு ரேஞ்சுக்கு (சுடும் இடத்துக்கு) ஓடாமல் முடிந்தால் ஒருநாள் முன்னாடியே போய்விடுங்கள், ஏனென்றால் உபகரணச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. ட்ரிகரில் (விரலால் அழுத்தும் விசையில்) 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் துப்பாக்கியை மேலே தூக்குவார்கள், அந்த எடையைத் தாங்காமல் ட்ரிகர் விடுபட்டுவிட்டால் ஃபெயில். ஊரிலேயே ட்ரிகரை 510, 520 கிராமுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுட்டு முடித்த பிறகும் சிலரைக் கூப்பிட்டுச் சோதிப்பார்கள், அங்கே ட்ரிகர் எடை குறைந்தால் தகுதிநீக்கம்தான். ஷூ கணுக்காலை மூடக்கூடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டியன்று மரச்சீனியும் மீன்கறியும் வேண்டாம். வயிறு கனத்தால் கையும் கனக்கும் (இரண்டு இட்லி போதும்).

முதல் 15 நிமிடம் தயாராகவும் சோதித்துச் சுடவும். இதில் எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுடலாம், கணக்கில் வராது. அப்புறம் எலக்ட்ரானிக் இலக்கு என்றால் 75 நிமிடத்தில் 60 குண்டு. நேரம் தாராளம், பதற்றத்தில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். 10 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் வளையம் வெறும் 11.5 மில்லிமீட்டர், அதையே உற்றுப் பார்த்தால் கை தேடி அலையும். முன்சைட் (துப்பாக்கி முனையிலுள்ள குறி) கூர்மையாகத் தெரியட்டும், இலக்கின் கறுப்பு வட்டம் மங்கட்டும், விரலை நிதானமாக அழுத்துங்கள். பத்து நொடிக்குள் சுட முடியவில்லையா, இழுத்துப் பிடிக்காமல் கையை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்குங்கள். பக்கத்து லேனின் ஸ்கோர் பக்கம் கண்ணே போகவேண்டாம். ‘ஸ்டாப்’ சொன்னதும் குண்டை எடுத்துவிட்டு சேஃப்டி ஃபிளாக்கை (துப்பாக்கி காலி என்று காட்டும் அடையாளத்தை) செருகுங்கள், அதிகாரி பார்த்த பிறகே பெட்டியில் வைக்கவேண்டும்.