சிங்கப்பூரில் கையோ முதுகோ அடிபட்டால்: நம் கடற்கரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் வாலிநோக்கம் உப்பளத்தில் மூட்டை சுமந்தவர்களும் மண்டபத்தில் விசைப்படகில் வலை இழுத்தவர்களும் சிங்கப்பூரின் கட்டுமானத் தளத்துக்கோ கப்பல் பட்டறைக்கோ வந்து சேரும்போது, அவர்களுடைய தோளும் முதுகும் ஏற்கெனவே பாதி தேய்ந்திருக்கின்றன. அதனால் பிசியோதெரபி, அதாவது அசைவுப் பயிற்சியால் உறுப்பை மீட்கும் சிகிச்சை, என்ற பேச்சு இன்றில்லாவிட்டாலும் நாளை உங்களுக்கு வரத்தான் செய்யும்.

சட்டப்படியான காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலையிடத்தில் அடிபட்டால் அன்றே மேற்பார்வையாளரிடம் தெரிவித்துவிடுங்கள். மருத்துவரிடம் எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். ‘விடுதி அறையில் வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லும்படி யார் சொல்லிக்கொடுத்தாலும் கேட்காதீர்கள். 2020 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் பொருந்தும். மருத்துவர் எழுதிக்கொடுத்த பிசியோதெரபிக்கான செலவும் அதில் அடங்கும். வெளிநோயாளியாக மருத்துவ விடுப்பில் இருந்தால் முதல் 14 நாளுக்கும், மருத்துவமனையில் படுத்திருந்தால் 60 நாள் வரைக்கும் முழுச் சம்பளம் உண்டு. அதற்கு மேற்பட்ட விடுப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைத்துவிட வேண்டும். மனிதவள அமைச்சின் இணையதளம் இவற்றை விளக்கமாகவே சொல்வதால் நான் நீட்டவில்லை.

நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. நம் பக்கத்தில் எலும்பு முறிந்தால் கட்டுக்கட்டுபவர் முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிடுவார். சுளுக்கு என்றால் எண்ணெய் போட்டு வழித்துவிடுவார். இராமநாதபுரத்தில் பிசியோதெரபிக்கே போனாலும் ‘கரண்ட் வைப்பீர்களா?’ என்று மின்சாரச் சிகிச்சையைத்தான் முதலில் கேட்போம். ஆகவே, வைத்தியம் என்றால் இன்னொருவர் நம் உடம்பின் மேல் ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது.

தேவிபட்டினத்தைச் சேர்ந்த, எனக்கு மைத்துனர் முறையாகும் ஒருவர், சாரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து, தோல் மீன் செதில் போல உரிந்துகொண்டிருந்தது. பிசியோதெரபிக்கு வந்த அவரிடம், முன்கையை மேசை விளிம்பில் மடித்த துண்டின் மேல் கிடத்தி, உள்ளங்கையைத் தொங்கவிட்டு, மேலும் கீழும் அசைக்கச் சொன்னார்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கோணமானி ஒன்றை மணிக்கட்டின் ஓரத்தில் வைத்து, எத்தனை பாகை மடங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, தினமும் பலமுறை செய்யச் சொல்லி, அடுத்த தேதியையும் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ‘கரண்டும் வைக்கவில்லை, எண்ணெயும் தடவவில்லை, இதற்கு ஒரு ஆஸ்பத்திரியா?’ என்று அவர் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

அடுத்த தேதியன்று கான்கிரீட் போடும் வேலை இருக்கிறது என்று மேற்பார்வையாளர் விடவில்லை, இவரும் வற்புறுத்தவில்லை. அதற்கடுத்த முறையும் அப்படியே ஆயிற்று. (அந்த மேற்பார்வையாளரும் நம் மாவட்டத்துக்காரர்தான் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.) இடையில் சிராங்கூன் சாலைப் பக்கம் எண்ணெய் போட்டு இழுத்துவிடும் ஒருவரிடம் சொந்தப் பணத்தைக் கொடுத்துப் போனதில் கை வீங்கியதுதான் மிச்சம். மாதங்கள் கழித்து இழப்பீட்டுக்காக நிரந்தர ஊனத்தை மதிப்பிடும் கட்டம் வந்தபோது, மருத்துவமனைக் கோப்பில் ‘வரவில்லை’, ‘வரவில்லை’ என்றே பதிவாகியிருந்தது. பயிற்சிக்கு வராததால்தான் கை இறுகியது என்று காப்பீட்டுத் தரப்பு வாதிட்டது. முதலாளி தரப்பு விடவில்லை என்பதற்கு இவரிடம் ஒரு வரிச் சான்றுகூட இல்லை. எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவான தொகையோடு, முழுதாக மூடாத கையோடு அவர் ஊர் திரும்பினார். அந்தக் கையால் இப்போது நங்கூரக் கயிற்றைக்கூட இறுக்கிப் பிடிக்க அவரால் முடியவில்லை.

அந்தத் தாளை ஏன் அலட்சியப்படுத்தக் கூடாது என்று கேட்பீர்கள். ஆறு வாரம் போலக் கட்டுக்குள் அசையாமல் கிடந்த மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கி, தசைநாண்கள் ஒட்டி, தசை மெலிந்துவிடுகிறது. அதை மீட்டெடுப்பது நாள்தோறும் நீங்களே செய்யும் அசைவுதானே தவிர, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிசியோதெரபிஸ்ட் உங்களோடு செலவிடும் அரைமணி நேரமன்று. அவர் உங்களைப் பார்ப்பது, பயிற்சி சரியாக நடக்கிறதா என்று சோதித்து அடுத்த படிக்கு ஏற்றிவிடுவதற்காகத்தான். நாள்பட்ட இடுப்புவலிக்கும் உலக சுகாதார அமைப்பு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையையும், இழுவைச் சிகிச்சையையும், வழக்கமான கரண்ட் சிகிச்சையையும் அது பரிந்துரைக்கவில்லை. கரண்ட் வைக்காத பிசியோதெரபிஸ்ட் உங்களை ஏமாற்றவில்லை.

ஆகவே, தேதிச் சீட்டு கைக்கு வந்தவுடன் அதைப் படம் எடுத்து மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். ‘போக முடியாது’ என்று அவர் வாயால் சொன்னால், ‘நீங்கள் இன்று போக வேண்டாம் என்றீர்கள்’ என்று நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். உண்மையிலேயே போக இயலாத நாளில் முன்கூட்டியே மருத்துவமனையை அழைத்துத் தேதியை மாற்றிக்கொண்டால், கோப்பில் ‘வரவில்லை’ என்று ஏறாது. இலகுவான வேலை மட்டும் செய்யலாம் என்று மருத்துவர் எழுதியிருக்கும்போது கம்பி தூக்க வைத்தால், அதை அடுத்த சந்திப்பில் மறக்காமல் சொல்லுங்கள். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் நம்மவர்கள் மரியாதைக்காக ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வார்கள். அங்கே அந்தப் பதில் அப்படியே எழுதப்படும் என்பதால், சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சோற்றைப் பிசைய முடியவில்லை என்று காரியத்தோடு சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தலையாட்டாதீர்கள். தமிழ் தெரிந்த ஊழியரைக் கேளுங்கள், அந்நாட்டில் தமிழும் ஆட்சிமொழி. வெளியே தனியார் பிசியோதெரபிஸ்டிடம் போகத்தான் வேண்டுமென்றால், அவர் பெயர் சிங்கப்பூரின் துணைமருத்துவ நிபுணர்களுக்கான மன்றத்தின் (Allied Health Professions Council) பதிவேட்டில் உள்ளதா என்று பாருங்கள். எண்ணெய் தேய்ப்பவருக்குக் கொடுத்த காசை எந்தக் காப்பீடும் திருப்பித் தராது.

சிகிச்சை முடியுமுன் ஊருக்குப் புறப்பட நேர்ந்தால், எக்ஸ்ரே படத்தோடு கோணமானியால் எடுத்த அளவுகளின் நகலையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதைக் காட்டினால், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பயிற்சித் தாளையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். உறவினர்களுக்குக் கோடாலித் தைலப் புட்டிகளை அடுக்கும் பெட்டியில் அதற்கு இடமில்லாமல் போகாது.