உபரி கிளட்ச் கேபிளைப் பெட்டியில் வைக்காதீர்கள்

நெடுந்தூர பைக் பயணத்துக்கு வாங்கிய உபரி கிளட்ச் கேபிளைப் பழைய கேபிளை ஒட்டியே வண்டியில் இழுத்துக் கட்டிவிடுங்கள். இரு முனைகளையும் தூசியும் நீரும் புகாதபடி டேப்பால் இறுகச் சுற்றுங்கள். கேபிள் மாற்றுவதில் நேரத்தைத் தின்பதே பெட்ரோல் டேங்கைக் கழற்றி, சட்டத்தின் இடுக்குகளில் புதிய கேபிளை நுழைப்பதுதான். அந்த வேலை வீட்டிலேயே முடிந்துவிடுகிறது. வழியில் அறுந்தால் லீவரிலும் என்ஜின் பக்கமும் முனைகளை மாற்றி மாட்டி, தளர்வைச் சரிசெய்தால் போதும். பெட்டியிலும் இடம் மிச்சம்.

கட்டிய பின் ஹேண்டில்பாரை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். எங்கும் இழுக்கவோ மடியவோ கூடாது. சைலன்சர் குழாயிலிருந்து தள்ளியே இருக்கட்டும், உறை உருகிவிடும். கேபிள் பெரும்பாலும் லீவர் முனையில்தான், ஒவ்வோர் இழையாக அறும். கிளட்ச் லீவரை இழுக்கும்போது திடீரெனக் கரகரத்தால் அங்கே பாருங்கள்.

ஆக்சிலரேட்டர் கேபிளுக்கும் இதே உத்தி பொருந்தும். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சுக்குக் கேபிளே கிடையாது; மின்னணு ஆக்சிலரேட்டர் உள்ள பல வண்டிகளில் ஆக்சிலரேட்டர் கேபிளும் இருக்காது. அவற்றுக்கு இது உதவாது.