மேகம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம்: மேஜையிலேயே ஒளி இரைச்சல்

கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் வீட்டிலிருந்து எதிர்ச் சரிவிலுள்ள பசுமைக்குடிலுக்கு அகச்சிவப்பு ஒளியில் தகவல் அனுப்புகிறேன். மேகம் இறங்கினால் போச்சு. பனி சிக்னலைத் தின்பதோடு, பகல் வெளிச்சத்தையும் சிதறடித்து ரிசீவருக்குள் கொட்டும். ரிசீவரில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் சோதிக்க மேகத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போய்ச் செய்தது இந்த இரைச்சல் பெட்டி: தாறுமாறாக ஏறி இறங்கும் ஒளியை ஓர் எல்இடி வழியாக ரிசீவர் மேல் பாய்ச்சும்.

முதலில் இரைச்சல், அதாவது தாறுமாறான மின் சிக்னல். பிசி547 டிரான்சிஸ்டரின் கலெக்டரை எங்கும் இணைக்காதீர்கள். எமிட்டரை 100 கிலோஓம் வழியாக பிளஸ்ஸிலும், பேஸை மைனஸிலும் கொடுங்கள். எமிட்டர்-பேஸ் சந்திப்பு தலைகீழ் வோல்டேஜில் உடைந்து (கெட்டுப்போவதல்ல, தடுப்பை மீறி மின்சாரம் பாய்வது) தானாகவே இரையும். எமிட்டரில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்து எடுத்து, டிஎல்072 என்ற ஆப்ஆம்ப் (சிக்னல் பெருக்கும்) ஐசியில் பெருக்குங்கள். ஒரே கட்டத்தில் 100 மடங்கு வேண்டாம், அதிர்வெண் வீச்சு சுருங்கிவிடும். பத்து, பத்து என இரண்டு கட்டம். நடுவில் ஒரு வால்யூம் பாட் (திருகி அளவை மாற்றும் மின்தடை).

பிறகு எல்இடி. இரைச்சலை நேராகக் கொடுத்தால் பாதி அலை வெட்டுப்படும், எல்இடிக்கு எதிர்மறை வெளிச்சம் கிடையாதே! டிரான்சிஸ்டர் ஒன்றின் எமிட்டரில் 100 ஓம் போட்டு, முதலில் 20 மில்லிஆம்பியர் நிலையாக ஓடவிடுங்கள். இரைச்சல் அதன்மேல் ஏறி இறங்கட்டும். பூஜ்ஜியத்தைத் தொடக் கூடாது.

நான் இரண்டு வாரம் ஏமாந்தது அடுத்ததில்தான். ரிசீவர் அழகாகத் தடுமாறியது, நானும் ஃபில்டரை மாற்றி மாற்றிக் குறிப்பெழுதினேன். ஒருநாள் தற்செயலாக என் கம்பளிக் குல்லா ரிசீவரில் ஒளியை உணரும் ஃபோட்டோடயோடின் மேல் விழுந்தது. இரைச்சல் அப்படியே இருந்தது! ஒளி வழியாக வரவே இல்லை. இரைச்சல் பெட்டிக்கும் ரிசீவருக்கும் பொதுவான 12 வோல்ட் அடாப்டர் கம்பி வழியாக வந்திருக்கிறது. குறிப்பேடு முழுக்க வீண். ஆகவே இரைச்சல் பெட்டிக்குத் தனி பேட்டரி. ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் ஃபோட்டோடயோடை மூடிப் பாருங்கள். இரைச்சல் காணாமல் போக வேண்டும்.

இனி சிக்னல் எல்இடியையும் இரைச்சல் எல்இடியையும் ஃபோட்டோடயோடை நோக்கி வைத்து, அனுப்பும் 1000 தகவல் பாக்கெட்டில் எத்தனை தவறுகிறது என்று எண்ணியபடி வால்யூம் பாட்டைத் திருகுங்கள். எல்இடிகளின் தூரத்தை மாற்றினால் கணக்கும் மாறும், பலகையில் ஆணியடித்துவிட்டேன்.

குண்டு பல்பின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு வேறு வகைத் தொல்லை. அதற்கு ஒரு நிஜ பல்பையே பக்கத்தில் எரியவிடுங்கள்.

பின்சேர்க்கை: குன்னூரிலிருந்து ஒருவர் இரைச்சலே வரவில்லை என்றார். அவர் போட்டது ஒற்றை 9 வோல்ட் பேட்டரி, அதுவும் பழையது. பிசி547 பெரும்பாலும் எட்டு, ஒன்பது வோல்ட்டுக்குப் பக்கத்தில்தான் உடையும். இரண்டு பேட்டரியைத் தொடராகப் போடுங்கள். நடு இணைப்பே டிஎல்072-க்குக் கிரவுண்ட்.